எதிர்பாராத விபத்தா? கழிவுத் தொட்டி மரணங்களும் இடர்ப் பகுப்பாய்வும்

2025 மே மாதம், திருப்பூர் மாவட்டம் பல்லடம் அருகே கரைப்புதூரில், சாய ஆலை ஒன்றின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய தலித் தொழிலாளர்கள் மூவர் நச்சுவாயு தாக்கி உயிரிழந்தனர். இத்தகைய மரணங்கள் ‘எதிர்பாராத விபத்து’ என்றே பேசப்படுகின்றன. எதிர்பாராததுதானா என்பதைச் சோதிக்கும் முறைகள் பொறியியலில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பயன்பாட்டில் உள்ளன.

அவற்றுள் ஒன்று, 1962இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவான தவறு மரப் பகுப்பாய்வு. மரணத்தை உச்சியில் எழுதி, அதற்குக் காரணமானவற்றைக் கிளைகளாகக் கீழ்நோக்கி வரைய வேண்டும். கழிவுத் தொட்டி மரணத்திற்கு மூன்று கிளைகள்: தொட்டியில் வாயு இருந்தது, மனிதர் உள்ளே இறங்கினார், சுவாசக் கருவியோ மீட்பு ஏற்பாடோ இல்லை. மூன்றும் ஒருசேர நிகழ்ந்தால்தான் மரணம். ஒன்றை வெட்டினாலும் உயிர் பிழைக்கும்.

முதற்கிளை இயற்கையானது. அழுகும் கழிவில் ஹைட்ரஜன் சல்பைடு உருவாகும். காற்றைவிடக் கனமானதால் அடியில் தேங்கும். செறிவு மிகுந்தால் நுகர்வுணர்வையே மழுங்கடிக்கும். ஆகவே ‘நாற்றம் இல்லை, இறங்கலாம்’ என்பது பாதுகாப்பன்று. வாயுமானியால் அளப்பதே வழி. விழுந்தவரைக் காக்க அடுத்தவர் இறங்கி மாள்வதும் இதனால்தான்.

இரண்டாம் கிளையிலேயே நம் கேள்வி தொடங்குகிறது. இடர்க் கட்டுப்பாட்டுப் படிநிலையில் முதலிடம் இடரை நீக்குவதற்கு. முகக்கவசமும் கையுறையும் கடைசிப்படி. உறிஞ்சு வாகனம் இருக்க, மனிதர் ஏன் இறக்கப்பட்டார்? அந்த மனிதர் ஏன் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்தே வருகிறார்? ‘தொழிலாளி கவனக்குறைவு’ என்று மரத்தைப் பாதியில் நிறுத்தும் அறிக்கை இக்கேள்விகளை மறைக்கிறது.

சட்டமும் இதே தர்க்கத்தில் நிற்கிறது. மூடிய இடத்தில் நுழையுமுன் வாயுவை அகற்றுதல், சோதனைச் சான்று, சுவாசக் கருவி, கயிறு ஆகியவற்றை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவு பேசியது. பாதுகாப்பு ஏற்பாடின்றிக் கழிவுத் தொட்டியில் ஆளை இறக்குவதை, ஒப்பந்ததாரர் வழியாயினும், 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு தடை செய்கிறது. மரணம் நிகழாவிடினும் அது குற்றமே. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது.

எனவே, உண்மையறியச் செல்லும் தோழர்கள் மூன்று ஆவணங்களைக் கோர வேண்டும்: இடர் மதிப்பீடு, நுழைவு அனுமதிச் சீட்டு, வாயு அளவீட்டுப் பதிவு. அவை இல்லையெனில், அந்த இன்மையே நீதிமன்றத்தில் நம் முதற்சான்று.