புயலில் மரம் வேரோடு சாய்வது ஏன்?

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது தெருவுக்குத் தெரு மரங்கள் விழுந்து கிடந்தன. கிளை முறிவது புரிகிறது. முழு மரமே வேரோடு பெயர்வது எப்படி?

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், மரத்தைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. அடர்ந்த தலைப்பகுதி பாய்மரத்துப் பாய்போல அதை வாங்கிக்கொள்ள, அடிமரம் நெம்புகோலாகி வேரைக் கிளப்புகிறது. வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணில் இரண்டு மூன்று அடிக்குள்தான் பக்கவாட்டில் படர்ந்திருக்கும். மழையில் ஊறிய மண்ணோ பிடியைத் தளர்த்திவிடும். கால்வாய்க்காக ஒரு பக்க வேரை வெட்டி, மிச்ச இடத்தில் அடிமரம்வரை சிமென்ட் பூசியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

மொட்டையடித்தால் மரம் தப்பிக்கும் என்பார்கள். தப்பான வைத்தியம். வெட்டிய முனையில் கொத்தாகக் கிளம்பும் புதுக் கொம்புகள் மேலோட்டமாகத்தான் ஒட்டியிருக்கும். கனத்ததும் அவையே முதலில் பிய்ந்து விழும். காய்ந்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை இவற்றை மட்டும் கழித்துக் காற்றுக்கு வழிவிடுங்கள். ஒரே சமயத்தில் கால் பங்குக்கு மேல் வேண்டாம். கிளை தொடங்கும் இடத்தில் சிறு வீக்கம் தெரியும். அதைத் தொடாமல், அதை ஒட்டி வெளியே அறுத்தால் காயம் சீக்கிரம் மூடும். கனமான கிளையென்றால் சற்றுத் தள்ளி அடிப்பக்கத்தில் முதல் வெட்டு போடுங்கள், பட்டை உரியாது.

மின்கம்பியை உரசும் கிளையில் கை வைக்காதீர்கள், மின்வாரியத்தைக் கூப்பிடுங்கள். ஐப்பசி அடைமழைக்கு முன், ஆவணியிலேயே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.