பழைய காரின் பின் கமான் புஷ்: பாரம் இறங்கிய பிறகே முடுக்க வேண்டும்



நமது இதழில் விலை நிலவரம், வரி, உரிமம் ஆகியவை பற்றித்தான் பெரும்பாலும் எழுதுகிறோம். இம்முறை வண்டியைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. மேற்கு வங்கத்தில் உள்ள உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசடர் கார் உற்பத்தி 2014 மே மாதத்தோடு நின்றுவிட்டது. ஆனாலும் நம் வணிகர்களில் சிலர் அந்தக் காரை விட மனமில்லாமல் இன்னும் வைத்திருக்கிறோம். மண்டிக்குப் போகவும், வசூலுக்குப் போகவும், அவசரத்துக்கு இரண்டு மூட்டையை டிக்கியில் போட்டு வரவும் பழகிப்போன வண்டி அது. அதன் பின்பக்கத்தில் உள்ள சில ரப்பர் துண்டுகளை அலட்சியம் செய்ததால் எங்களுக்கு நேர்ந்ததைச் சொன்னால் மற்றவர்களுக்கும் பயன்படும் என்று நினைக்கிறோம்.

எங்கள் அனுபவம்

எங்களிடம் இருப்பது 1996-இல் வாங்கிய டீசல் அம்பாசடர். சில ஆண்டுகளுக்கு முன்பு வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் பின்னால் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஸ்டெப்னி ஆடுகிறது என்று நினைத்து விட்டுவிட்டோம். இரண்டு மாதம் கழித்து மூத்த மகன் பிள்ளைகளோடு மதுரையிலிருந்து இரவில் வந்துகொண்டிருந்தான். முன்னால் போன லாரி திடீரென்று நின்றது. பிரேக்கை மிதித்ததும் காரின் பின்பக்கம் ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டது. பக்கத்தில் வேறு வண்டி வராததால் ஆண்டவன் புண்ணியத்தில் எல்லோரும் நலமாக வீடு வந்து சேர்ந்தார்கள்.

மறுநாள் ஒரு பட்டறையில் காட்டினோம். இரண்டு பக்கமும் கமான் பட்டை செட்டையே மாற்ற வேண்டும் என்றார்கள். செலவைக் கேட்டு மலைத்துப்போய் இன்னொரு இடத்துக்குப் போனோம். அங்கே புஷ் மட்டும் போதும் என்று அரை நாளில் மாற்றிக் கொடுத்தார்கள். ஐந்தே மாதத்தில் பழைய சத்தம் திரும்ப வந்துவிட்டது. மூன்றாவதாக ஒரு வயதான மெக்கானிக் பார்த்தார். பட்டையிலும் புஷ்ஷிலும் குற்றமில்லை, போல்ட்டை முடுக்கிய விதத்தில்தான் குற்றம் என்றார். அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரையின் சாரம்.

புஷ் செய்யும் வேலை

அம்பாசடரின் பின் அச்சை இரண்டு பக்கமும் கமான் பட்டைகள் தாங்குகின்றன. ஒவ்வொரு கமானின் முன் முனையும் சுருண்டு ஒரு கண் போல இருக்கும். அந்தக் கண் காரின் அடிச்சட்டத்தோடு போல்ட்டால் இணைந்திருக்கிறது. பின் முனை ஷாக்கிள் என்னும் ஆடும் இணைப்பில் தொங்குகிறது. பாரம் ஏறினால் வளைந்த பட்டை நிமிர்ந்து நீளும். அந்த நீளத்துக்கு இடம் கொடுக்கத்தான் ஷாக்கிள். முன் கண்ணில் ஓர் இடம், ஷாக்கிளின் மேலும் கீழும் இரண்டு இடம் என்று பக்கத்துக்கு மூன்று, ஆக மொத்தம் ஆறு இடங்களில் இரும்பும் இரும்பும் உரசாமல் ரப்பர் புஷ் இருக்கிறது.

இதில் முன் கண் மிக முக்கியம். சக்கரம் காரைத் தள்ளும் விசையும், பிரேக் போடும்போது காரைப் பிடித்து நிறுத்தும் விசையும் அதன் வழியாகத்தான் போகின்றன. அங்கே ரப்பர் தேய்ந்தால் அந்தப் பக்கத்து அச்சு முன்னும் பின்னும் நகரும். அச்சு கோணலானால் ஸ்டீயரிங்கைத் திருப்பாமலே காரின் பின்பக்கம் திரும்பும். அன்று இரவு நடந்தது இதுதான்.

தேய்ந்ததை அறிவது எப்படி?

1. வேகத்தடையில் டொக்கென்ற சத்தம் வரும். கியரைப் போட்டுக் கிளட்சை விடும்போதும், பிரேக் போடும்போதும் பின்னால் ஓர் இடி தெரியும்.

2. வளைவிலும், பெரிய வண்டி கடந்து போகும்போதும் பின்பக்கம் அலையும்.

3. காரைச் சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் உள்ள தூரத்தை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளக்கலாம். முன் சக்கரங்கள் நேராக இருக்க வேண்டும். இரண்டு அளவும் கண்ணுக்குத் தெரியும்படி வித்தியாசப்பட்டால் அச்சு நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

4. கமான் கண்ணுக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவே கம்பியைக் கொடுத்து நெம்பினால் நல்ல புஷ் சிறிது அழுந்தித் திரும்பும். தேய்ந்தது கடகடவென்று ஆடும்.

டிக்கி மூலையை அழுத்தி விட்டதும் கார் பலமுறை குதித்தால் அது ஷாக் அப்சார்பர் கோளாறு. கார் ஒரு பக்கம் தாழ்ந்து நின்றால் பட்டை உடைந்திருக்கலாம், அல்லது களைத்திருக்கலாம். நோய் எது என்று தெரியாமல் மருந்து வாங்கக் கூடாது.

சாமான் வாங்கும்போது

சரக்கைக் கையில் எடுத்தால் தரம் சொல்லிவிடுபவர்கள் நாம். அதே கண்ணோடு புஷ்ஷையும் பார்த்து வாங்க வேண்டும். நல்ல ரப்பரை நகத்தால் அழுத்தினால் உடனே மீளும். விரலில் கரி ஒட்டக் கூடாது, ஓரம் பொடிந்து உதிரக் கூடாது. பழைய புஷ்ஷைக் கையோடு கொண்டுபோய் அளவு ஒப்பிட வேண்டும். பின்னில் நகத்தை ஓட்டிப் பார்த்துப் பள்ளம் தட்டினால் அதையும் மாற்ற வேண்டும். பள்ளம் விழுந்த பின்னில் புது புஷ் போடுவது ஓட்டைச் சாக்கில் புது அரிசி போடுவது போல.

மாற்றும் முறை

வேலையை மெக்கானிக்கிடம் கொடுத்தாலும் முறை நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். துருப்பிடித்த நட்டுகளுக்கு முதல் நாளே துரு நீக்கும் எண்ணெய் விட வேண்டும். வண்டி சமமான சிமென்ட் தரையில் நிற்க வேண்டும்.

இங்கே உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று. அம்பாசடரில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கும். எஞ்சினும் பின் சக்கரங்களைத்தான் ஓட்டுகிறது. பின்பக்கத்தைத் தூக்கிய பிறகு ஹேண்ட் பிரேக்கும் உதவாது, கியரில் போட்டு வைத்தாலும் உதவாது. முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை அணை கொடுத்தே தீர வேண்டும். காரைத் தூக்கியதும் அடிச்சட்டத்தின் உறுதியான இடத்தில் இரும்பு ஸ்டாண்டு வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பியோ, செங்கல்லை அடுக்கியோ ஒருவரையும் காருக்கு அடியில் போக விடாதீர்கள். கடைப் பையனை அனுப்பும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

பிறகு அச்சுக்கு அடியில் இன்னொரு ஜாக்கி கொடுத்து, கமானில் இழுவிசை இல்லாத அளவுக்கு ஏற்றி இறக்கிச் சரி செய்ய வேண்டும். ஒரு பக்கம் முடிந்த பிறகே மறுபக்கத்தைக் கழற்ற வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் அச்சு நகர்ந்துவிடும். ஒட்டிக்கொண்ட பழைய ரப்பரை ஆக்சா பிளேடால் அறுத்து எடுக்கலாம். இரும்புக் குழாய் வைத்த புஷ்ஷை நீள போல்ட், குழாய்த் துண்டு, வாஷர் வைத்து மெதுவாக இழுத்து எடுக்கலாம். காஸ் வைத்துச் சுடுவதை அனுமதிக்காதீர்கள். எரிபொருள் டாங்க் பின்பக்கம்தான் இருக்கிறது.

புது ரப்பரை ஏற்றச் சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸோ எஞ்சின் ஆயிலோ தடவினால் ரப்பர் ஊறி உப்பிக் கெட்டுவிடும். கையோடு யு போல்ட்டுகளையும், நடு போல்ட்டையும், பட்டைகளில் கீறல் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

முடுக்கும் நேரம்

எங்கள் புஷ் ஐந்து மாதத்தில் கிழிந்த காரணத்துக்கு வருவோம். குழாய் வைத்த புஷ்ஷில் வெளிப்பக்கம் கமான் கண்ணைப் பற்றியிருக்கும். போல்ட்டை முடுக்கியதும் உள்குழாய் அடிச்சட்டத்தோடு இறுகிவிடும். அதன்பின் எதுவும் வழுக்குவதில்லை. கமான் ஏறி இறங்கும்போது நடுவில் உள்ள ரப்பர் முறுக்கி முறுக்கி மீள்கிறது.

கார் அந்தரத்தில் தொங்கும்போது கமான் வளைந்து கிடக்கும். அந்த நிலையில் போல்ட்டை முழுதாக முடுக்கிவிட்டுக் காரை இறக்கினால் பாரத்தில் கமான் நிமிரும், ரப்பர் முறுகும். கார் சும்மா நிற்கும்போதுகூட அது முறுகியே நிற்கும். பள்ளத்தில் விழும்போது இன்னும் முறுகும். அப்புறம் எத்தனை நாள் தாங்கும்?

ஆகவே கார் தூக்கிய நிலையில் இருக்கும்போது நட்டுகளைக் கையால் பிடிக்கும் அளவுக்கு மட்டும் ஏற்ற வேண்டும். சக்கரங்களைத் தரையில் இறக்கி, பின்பக்கத்தை நாலு முறை அழுத்தி விட்டு, முழு எடையும் சக்கரத்தில் அமர்ந்த பிறகே கடைசியாக முடுக்க வேண்டும். அடியில் பள்ளம் உள்ள பட்டறையில் இது சுலபம். ஒரு வாரம் ஓடிய பின் மறுபடி ஒருமுறை நட்டுகளைச் சரிபார்க்க வேண்டும். லாரியில் லோடு அமர்ந்த பிறகுதானே கயிற்றை இறுக்கிக் கட்டுகிறோம்? அதே நியாயம்தான் இதற்கும்.

அந்த மெக்கானிக் இப்படி முடுக்கிக் கொடுத்த புஷ்கள் இன்றும் சத்தமில்லாமல் ஓடுகின்றன. முதல் பட்டறையில் கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்குகூட எங்களுக்குச் செலவாகவில்லை.

நமது குற்றமும் உண்டு

வேலையை முடித்துவிட்டு அவர் கேட்டார், "முதலாளி, டிக்கியில் எத்தனை மூட்டை போடுவீர்கள்?" ஐம்பது கிலோ மூட்டை ஆறு போட்ட நாளும் உண்டு என்றோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். டிக்கியில் முந்நூறு கிலோ என்பது நாலைந்து ஆள் பாரம். அதுவும் அச்சுக்குப் பின்னால். ஆள் ஏறுவதற்காகச் செய்த காரில் சரக்கை ஏற்றிவிட்டு ரப்பரைக் குறை சொன்னது எங்கள் தவறு. இப்போது மூட்டைக்குச் சிறிய சரக்கு வண்டியைப் பிடித்து விடுகிறோம். வாடகை கணக்கில் தெரிகிறது. மிச்சமாவது பேரப்பிள்ளைகள் உட்காரும் வண்டி.

உறுப்பினர்கள் தங்கள் பழைய வண்டிகளின் பின்பக்கத்தை இந்த வாரமே ஒருமுறை நெம்பிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். சத்தம் வந்தால் தள்ளிப் போடாதீர்கள். பட்டறையில் வேலை முடியும் நேரத்தில் நீங்களே பக்கத்தில் நின்று, வண்டியைத் தரையில் இறக்கிய பிறகு முடுக்கச் சொல்லுங்கள்.