கவுண்டருக்கு அந்தப் பக்கம்

பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. பேராசிரியர் ஆர்.வி.சேஷையா ஊன்றி வளர்த்த துறை அது. 1960களிலேயே பல்கலைக்கழக மானியக் குழுவின் உயராய்வு மையத் தகுதியைப் பெற்றது. இங்கே படிப்பு கரும்பலகையோடு முடிந்துவிடுவதில்லை. முகத்துவாரத்தில் படகேறி மிதவை உயிரிகளை வலையில் அள்ள வேண்டும், பிச்சாவரம் அலையாத்திக் காட்டின் சேற்றில் இறங்க வேண்டும், அள்ளியதைக் கெடாமல் கொண்டுவந்து ஆய்வகத்தில் பிரித்தெடுக்க வேண்டும். இப்படிப்பட்ட ஒரு துறையில் மாணவரின் நாள் ஓடுவது பாதிக்குமேல் படகோட்டி, ஆய்வக உதவியாளர், வண்டி ஓட்டுநர், விடுதிச் சமையல்காரர் ஆகியோரின் கையில். ஊன்றுகோலோடு வரும் ஒரு மாணவிக்கு இடம் கொடுப்பதோடு சேர்க்கைக் குழுவின் வேலை முடிந்துவிடும். அவர் களப்பணிக்குப் போக முடியுமா என்பது, கரையில் நிற்கிறவருக்கு அவரைப் பத்திரமாகப் படகில் ஏற்றத் தெரியுமா என்பதைப் பொறுத்தது. எல்லோரையும் அரவணைப்பதாகச் சொல்லும் நம் கல்லூரிக் கொள்கைகள் பெரும்பாலும் இந்த மனிதர்களை மறந்துவிட்டே எழுதப்படுகின்றன. அதனால்தான் அவை தாளிலேயே தங்கிவிடுகின்றன.

இந்த மறதி சட்டத்திலேயே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பெரிய முன்னேற்றம், அதில் சந்தேகமில்லை. அரசு கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்குக் குறைந்தது 5 விழுக்காடு இடம் ஒதுக்கச் சொல்கிறது அதன் 32ஆம் பிரிவு. ஒவ்வொரு நிறுவனமும் தன் சம வாய்ப்புக் கொள்கையை அறிவிக்க வேண்டும் என்கிறது 21ஆம் பிரிவு. ஆனால் ஊழியர்களுக்குப் பயிற்சி தருவதைப் பேசும் 17ஆம் பிரிவு பள்ளிக் கல்வியோடு நின்றுவிடுகிறது. 47ஆம் பிரிவோ கல்லூரி ஆசிரியர், மருத்துவர், செவிலியர், பொறியாளர், கட்டடக் கலைஞர் என்று தொடங்கி ஆஷா பணியாளர், அங்கன்வாடிப் பணியாளர் வரை பேர் சொல்லி அழைக்கிறது. கல்லூரி அலுவலக உதவியாளர், விடுதி வார்டன், தேர்வுப் பிரிவு எழுத்தர், வாட்ச்மேன் ஆகியோரின் பெயர் அங்கே இல்லை. 1987இல் மானியக் குழு தொடங்கிய பணியாளர் கல்லூரிகளும் முதன்மையாக ஆசிரியர்களுக்காகவே வந்தவை. கல்லூரிகளை மதிப்பிடும் நாக் குழு வரும்போது சாய்தளத்தையும் லிஃப்ட்டையும் கழிவறையையும் படமெடுத்து ஏற்றிவிடலாம். ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவர் எப்படிப் பேசுகிறார் என்பதைப் படமெடுக்க முடியாது.

தேர்வுக்கூடத்தில் இதைத் துல்லியமாகப் பார்க்கலாம். எழுத முடியாதவர்களுக்குத் தேர்வு எழுத உதவியாளர் வைத்துக்கொள்ளவும், மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் தரவும் மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு நெறிமுறை சொல்கிறது. பத்து மணிக்குத் தொடங்கும் மூன்று மணி நேரத் தேர்வு மற்றவர்களுக்கு ஒரு மணிக்கு முடிந்தால், இவருக்கு இரண்டு மணி வரை உரிமை உண்டு. ஒரு மணிக்கு அறையில் என்ன நடக்கும்? விடைத்தாளை எண்ணி நூல் கட்டி அனுப்ப வேண்டும், அட்டெண்டர் பூட்டோடு வாசலில் நிற்பார், கண்காணிப்பாளருக்குச் சாப்பாட்டு நேரம், மதியத் தேர்வுக்கு அறையைக் கூட்ட வேண்டும். யாரும் அந்த மாணவரை எழுந்திரு என்று சொல்ல மாட்டார்கள். சுற்றி நிற்பார்கள், அவ்வளவுதான். அந்த நிற்பிலேயே ஒரு மணி நேரம் இருபது நிமிடமாகச் சுருங்கிவிடும். 40 விழுக்காட்டுக்குக் குறைவான பாதிப்பு என்பதாலேயே தேர்வு எழுத உதவியாளரை மறுக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் செய்தி தேர்வுப் பிரிவு மேசை வரை வந்து சேராத இடத்தில், "கார்டு இருக்கா?" என்று மாற்றுத்திறனாளி அட்டையைக் கேட்கும் ஒரே கேள்வியில் தீர்ப்பு காலாவதியாகிவிடும்.

ஆள் பற்றாக்குறைதான் இதற்கெல்லாம் காரணம் என்று உடனே பதில் வரும். பல அரசு கல்லூரிகளில் காலியிடம் உண்டு என்பது உண்மைதான். ஆனால் சிதம்பரம் வேறு பாடம் சொல்கிறது. 1929இல் அங்கே தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஒரு கட்டத்தில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை பார்த்தார்கள். நிதி நெருக்கடி முற்றி, 2013இல் அரசு நிர்வாகியை நியமித்துத் தனிச் சட்டமும் கொண்டுவந்து பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டது. தேவைக்கு மிஞ்சிய ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் தமிழகமெங்கும் அரசு அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் பணி நிரவலில் அனுப்பப்பட்டார்கள். தலைகளின் எண்ணிக்கை சேவையாக மாறிவிடுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இன்னொன்றும் எனக்குத் தோன்றுகிறது. இப்படிச் சிதறிப்போன ஒரு பெரும் பணியாளர் கூட்டம், மாணவரை எப்படி நடத்துவது என்ற பயிற்சியோடு போயிருந்தால், பல்கலைக்கழகத்தின் நெருக்கடியிலிருந்தும் மாநிலத்துக்கு ஒரு நன்மை விளைந்திருக்கும்.

பயிற்சி எதற்கு, நல்ல மனசு போதாதா என்று கேட்பவர்களை நான் மதிக்கிறேன். நம் ஊழியர்களில் நல்ல மனசுக்காரர்கள் ஏராளம். சக்கர நாற்காலியோடு வருபவரை நாலு பேர் சேர்ந்து மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். ஆனால் தூக்கப்படுகிறவர் ஒவ்வொரு நாளும் கடன்பட்டவராகிறார். அந்த நாலு பேரில் இருவர் லீவு என்றால் அன்றைக்கு வகுப்பு போச்சு. யார் எப்போது பணியில் இருக்கிறார் என்பதைப் பார்த்து உரிமை மாறக் கூடாது. பயிற்சியும் நடைமுறையும் இருந்தால், அவருடைய வகுப்பையே கீழ்த்தளத்துக்கு மாற்றி அலுவலகம் தானே கால அட்டவணையைத் திருத்தும். தூக்குவதற்கு முன் அவரைக் கேட்க வேண்டும் என்பதும், காது கேளாதவரிடம் முகம் பார்த்துப் பேச வேண்டும் என்பதும், பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுக்காமல் நம் முழங்கையை அவருக்குக் கொடுக்க வேண்டும் என்பதும் மனசு நல்லதாக இருந்தால் மட்டும் தெரிந்துவிடுகிற விஷயங்கள் இல்லை.

"எங்க காலேஜ்ல அப்படி ரெண்டு மூணு பேர்தானே" என்பது அடுத்த மறுப்பு. வந்து பார்த்துத் திரும்பிப் போனவர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை. அதோடு கவுண்டரில் தடுக்கி விழுபவர்கள் மாற்றுத்திறனாளிகள் மட்டுமில்லை. கிள்ளை, பிச்சாவரம் பக்கத்து இருளர் குடும்பங்கள் பழங்குடிச் சாதிச் சான்றுக்காக எவ்வளவு அலைந்திருக்கின்றன என்பது கடலூர் மாவட்டத்துக்குத் தெரியும். அந்த வீட்டிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளையிடம், "சர்டிபிகேட் இல்லேன்னா ஃபீஸ் கட்டு" என்று சொல்வது ஒரு வகை. எந்த அலுவலகத்தில் எந்த விண்ணப்பம், அதுவரை எவ்வளவு அவகாசம் என்று எழுதிக் கொடுப்பது இன்னொரு வகை. 2022இல் வந்த புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயும், 2024இல் வந்த தமிழ்ப் புதல்வன் தொகையும் கல்லூரி வழியாக விவரம் ஏறினால்தான் வங்கிக் கணக்குக்கு வரும். அரசின் மிகப் பெரிய திட்டம்கூடக் கடைசியில் ஒரு எழுத்தரின் கணினியில் வந்து நிற்கிறது. இந்த ஊருக்கு இது புதிய பாடமும் இல்லை. 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கிய சுவாமி சகஜானந்தர், தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்குப் பாடத்தோடு தங்க இடமும் சோறும் வேண்டும் என்று உணர்ந்திருந்தார்.

கடைசி மறுப்பு நியாயமானது. வாட்ச்மேன், துப்புரவாளர், மெஸ் ஊழியர் பலர் ஒப்பந்தக் கூலிகள். நிரந்தர வேலையும் முறையான சம்பளமும் இல்லாதவர்களிடம் பண்பாகப் பேசப் பயிற்சி எடு என்று சொல்வது என்ன நியாயம்? பயிற்சியை வேலை நேரத்துக்குள், சம்பளத்தோடு நடத்த வேண்டும். ஆள் அனுப்பும் ஏஜென்சியின் ஒப்பந்தத்திலேயே அதைச் சேர்க்க வேண்டும். ஆள் மாறும்போதெல்லாம் திரும்ப நடத்த வேண்டும். ஒரு நாள் சிறப்புரையும் பொன்னாடையும் குரூப் போட்டோவும் பயிற்சி ஆகாது. தேர்வுப் பிரிவுக்குத் தேர்வுக்கூடத்தில் வைத்து, விடுதிக்கு மெஸ்ஸில் வைத்து, பரங்கிப்பேட்டைக்கு வெள்ளாற்றுக் கரையில் படகை வைத்துத்தான் சொல்லித்தர முடியும். சொல்லித்தருபவர்களில் மாற்றுத்திறனாளி மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் மதிப்பூதியத்தோடு இருக்க வேண்டும். கல்லூரிக்குள் எங்கெங்கே கதவு மூடியது என்ற பட்டியல் அவர்களிடம்தான் இருக்கிறது. அடுத்த கல்வியாண்டுச் சேர்க்கைக்கு முன் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்குவதற்குப் புதிய சட்டமோ நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. பதிவாளரின் ஒரு சுற்றறிக்கை போதும்.