துயரம் எல்லோரையும் ஒரே வயதில் சந்திப்பதில்லை



மரணம் இனம் பார்ப்பதில்லை என்பர். ஆயினும் அது ஒரு வீட்டுக்கு எவ்வளவு முந்தி வருகின்றது, எத்தனை தடவை வருகின்றது என்பதில் இனங்களுக்கிடையே பெரும் வேறுபாடு உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பின மக்களின் வாழ்வு இதற்குச் சான்றாகும்.

டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 42,000 க்கும் அதிகமானோரின் தகவல்களை ஆராய்ந்து 2017 இல் முடிவுகளை வெளியிட்டனர். பத்து வயதுக்குள் தாயை இழக்கும் அபாயம் வெள்ளையினப் பிள்ளைகளை விடக் கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. வறுமையும், மருத்துவ வசதிக் குறைவும், இனப் பாகுபாடும் ஆயுளைக் குறைப்பதே இதன் காரணமாகும். கொவிட் காலத்திலும் இதே நிலைதான். 2020 ஏப்ரல் முதல் 2021 ஜூன் வரை, பெற்றோரையோ தம்மை வளர்த்த பாட்டன் பாட்டியரையோ இழந்தோர் வெள்ளையினப் பிள்ளைகளில் 753 பேருக்கு ஒருவர்; கறுப்பினப் பிள்ளைகளில் 310 பேருக்கு ஒருவர்.

ஒரு துயரம் ஆறுமுன் அடுத்தது வந்தால் உள்ளம் தளர்கின்றது. சாதாரண துக்கம் அலைபோல் வந்து தணியும். இடையில் சிரிப்பும் வரும். மனச்சோர்வு நோயோ வாரக்கணக்கில் விலகாது நின்று, உறக்கத்தையும் பசியையும் கெடுத்து, ‘நான் பயனற்றவன்’ என்ற எண்ணத்தை விதைக்கும்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. அமெரிக்காவில் 2007 இல் வெளியான ஆய்வொன்றின்படி, வாழ்நாளில் மனச்சோர்வு நோய்க்கு ஆளானோர் வெள்ளையினத்தவரில் 17.9 சதவீதம், ஆபிரிக்க அமெரிக்கரில் 10.4 சதவீதம் மட்டுமே. ஆனால் நோய் வந்தவர்களில் அது நீடித்து நிலைப்பது கறுப்பினத்தவரிடமே அதிகம். அவர்களுள் சிகிச்சை பெற்றோர் பாதிக்கும் குறைவு. ஆகவே, எண்ணிக்கை குறைவு என்பதால் வேதனையும் குறைவு என்று கொள்ளலாகாது.

பெற்றோர்களே! இதில் நமக்கும் படிப்பினை உண்டு. உறவை இழந்த பிள்ளை அழவில்லை என்பதற்காக அது ஆறிவிட்டது என எண்ணாதீர்கள். பிள்ளைகளின் துயரம் சிலவேளை கோபமாகவும், படிப்பில் பின்னடைவாகவும் வெளிப்படும். கண்டிக்கும் முன் கேளுங்கள். அழுவது ஈமானின் குறைவன்று; நபி (ஸல்) அவர்களும் தம் மகன் இப்ராஹீம் மறைந்தபோது கண்ணீர் வடித்தார்கள்.

இளைஞர்களே! ஜனாஸாவுக்குச் செல்வதுடன் நம் கடமை முடிவதில்லை. மூன்று மாதம் கழிந்த பின்னும் அந்த நண்பனின் வீட்டுக்குச் செல்லுங்கள். துயரம் நோயாக மாறுவதாகத் தோன்றினால் அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லத் தயங்காதீர்கள்.