ரிம்மைக் கீறாத சாக்கெட்

நம் மலாக்காவில், அலோர் காஜாவை அடுத்த பெகோவில் உற்பத்தியாகும் ஹோண்டா சிட்டியின் சக்கர நட்டுக்கு 19 மில்லிமீட்டர் சாக்கெட்டும், டொயோட்டா வியோஸுக்கு 21 மில்லிமீட்டர் சாக்கெட்டும் பொருந்தும் என்று அறிந்தவர்கள்கூட, அந்தச் சாக்கெட்டின் சுவர்க் கனத்தைக் கவனிப்பது அபூர்வமே. குழிக்குள் ஆழ்ந்திருக்கும் நட்டைத் தடித்த சாக்கெட்டால் சுழற்றினால், அலுமினியக் கலப்புலோகம் எஃகினும் மிருதுவானதாகையால், ஆசையாய் வாங்கிய ஸ்போர்ட் ரிம்மின் சௌந்தரியம் க்ஷண நேரத்தில் நாசமாகிவிடும். ஆகவே, மெல்லிய சுவரும், வெளியே பிளாஸ்டிக் உறையும், உள்ளே ஆறு முனைகளும் உடையதையே வாங்குவது உசிதம். உறையின் வர்ணத்தை நம்பாமல் பொறித்த எண்ணைப் பாருங்கள். கிழிந்த உறையோடு காலந்தள்ளுவது சிக்கனமன்று. டயர் கடையிலும், இயந்திர முடுக்கியை எடுக்குமுன் நட்டைக் கையால் சில சுற்றுகள் ஏற்றும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.