ஒரு மின்முனை, பல கருவிகள்

திருவண்ணாமலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் அமைந்த ஊர் அடி அண்ணாமலை. முழுநிலவு இரவுகளில் விடியுமட்டும் மக்கள் நடமாட்டம் குறையாத இப்பாதையின் ஓரத்தில் ஒரு சிறு கடையை எண்ணிப் பார்ப்போம். சுவரில் இருப்பதோ ஒரே ஒரு பிளக் முனை. இரண்டு கைபேசிகள், ஒரு ரௌட்டர், ஒரு சிறு ஒலிபெருக்கி, ஓர் எல்.இ.டி. விளக்குச் சரம் ஆகிய அனைத்தும் அதனையே நம்பியுள்ளன. இது தகுமா? தகும், ஆயின் கணக்கறிந்து செய்தல் வேண்டும்.

நம் இல்லங்களுக்கு வருவது 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டம். மேற்கூறிய கருவிகளோ 5, 9, 12 வோல்ட் நேர்திசை மின்னோட்டத்தில் இயங்குபவை. இடைநின்று மாற்றித் தருவது அடாப்டர். அதன்மேல் பொறிக்கப்பட்டுள்ள வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் அது தரக்கூடிய வாட் அளவு கிடைக்கும். கைபேசி ஒன்றுக்கு 5 வோல்ட், 2 ஆம்பியர் எனில் இரண்டிற்கும் 20 வாட், ரௌட்டருக்கு 12, ஒலிபெருக்கிக்கு 9, விளக்குச் சரத்திற்கு 24, ஆக 65 வாட். அடாப்டர்களில் வெப்பமாக வீணாவதையும் சேர்த்து 80 வாட் எனக் கொண்டாலும், சுவர்முனையில் ஓடுவது 0.35 ஆம்பியரே. 6 ஆம்பியர் முனையோ 1,380 வாட் வரை தாங்கும்.

எனவே, கருவிகளின் எண்ணிக்கை மட்டுமே இடருக்குக் காரணமன்று. அதே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் 1,500 வாட் தண்ணீர்க் கெட்டிலையும் செருகினால், அது ஒன்றே 6.5 ஆம்பியரை இழுத்து எல்லையை மீறிவிடும். பெட்டியிலிருந்து மற்றொரு பெட்டியென நீட்டிக்கொண்டே போவதும் தீங்கே. தளர்ந்த செருகலில் மின்தடை மிகும்; தடை மிக்க இடத்தில் வெப்பம் மிகும்; நெகிழி உருகித் தீப்பற்றும்.

இனி, பலர் அறியாத நுட்பம் ஒன்றுண்டு. அடாப்டர்கள் பலவற்றை நீக்கி, 12 வோல்ட் தரும் ஒரே பெரிய மின்வழங்கியைச் சிலர் அமைப்பர். 'குறைந்த அழுத்தந்தானே' என்று மெல்லிய கம்பியில் இணைப்பர். இங்கேதான் பிழை நேர்கிறது. 60 வாட் ஆற்றலை 230 வோல்ட்டில் செலுத்த 0.26 ஆம்பியர் போதும். 12 வோல்ட்டில் செலுத்த 5 ஆம்பியர் வேண்டும். மின்னோட்டம் 19 மடங்கு. கம்பியில் எழும் வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், அதே கம்பியில் அது 360 மடங்குக்கும் மேலாகிறது! அதிர்ச்சி தராத மின்சாரமும் தீ மூட்ட வல்லது என்பதை மறத்தலாகாது. வீட்டிலுள்ள மின்கசிவுத் துண்டிப்பான், அடாப்டருக்கு அப்பால் நிகழும் குறுக்குச்சுற்றை உணராது. ஆகவே தடித்த கம்பியும், கிளைதோறும் தனித்தனி ஃபியூஸும் இன்றியமையாதன.

கருவியோடு அடாப்டரை இணைக்குங்கால் மூன்றைக் கருதுக. வோல்ட் ஒத்திருக்க வேண்டும். அடாப்டரின் ஆம்பியர் கருவியின் தேவைக்குக் குறையாதிருக்க வேண்டும். நேர்முனை, எதிர்முனை மாறாதிருக்க வேண்டும். 5 வோல்ட் கருவியை 12 வோல்ட்டில் நேரே இணைத்தால் அது பழுதாகும். இடையில் அழுத்தம் குறைக்கும் சுற்று தேவை.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை பெற்றவற்றையே வாங்குக. தலையணையின் கீழும் துணிக்குவியலிலும் அடாப்டரை வைக்கற்க. அரைமணி நேரம் கழித்து அதனைப் புறங்கையால் தொட்டுப் பார்க்க. வெதுவெதுப்பு இயல்பு, கை தாங்காச் சூடு எச்சரிக்கை. விடுதி அறையில் பயிலும் மாணவர்க்கும் வீட்டில் ஓய்வுறும் பெரியோர்க்கும் இச்சிறு கவனமே உறக்கத்திற்குக் காவல்.