மஜகாவ் ஜீப் முதல் செங்கல்பட்டு சொகுசு வண்டி வரை

மழைக்காலத்தில் மும்பைச் சாலையின் குழியையும் தண்ணீரையும் பொருட்படுத்தாமல் நிமிர்ந்து போகும் உயரமான சொகுசு வண்டிகளை நாம் தினமும் பார்க்கிறோம். 'எஸ்.யூ.வி.' என்று அதற்குப் பெயர். நம்மவர்கள் பலர் அதை ஓட்டிப் பிழைக்கிறார்கள். சிலர் அதற்கு இருக்கை உறை தைக்கிறார்கள்.

இந்த வண்டிகளில் சில 20 லட்சம் ரூபாயைத் தாண்டும். இவ்வளவு பணம் எதற்கு? தோல் இருக்கைக்கும் குளிர்சாதனத்துக்கும் மட்டுமா? இல்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் செய்யப்பட்ட வேலைக்கும் சேர்த்துத்தான் இந்த விலை!

ஏணியின் மேல் வீடு

1949-ம் ஆண்டு மும்பை மஜகாவில் மகிந்திரா கம்பெனியார் ஜீப் பூட்டத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் இருந்து வில்லிஸ் ஜீப்பின் பாகங்கள் கப்பலில் வரும். இங்கே அவற்றைச் சேர்த்து முடுக்குவார்கள். அவ்வளவுதான் வேலை.

ஜீப்பின் அடியில் நீளமான இரண்டு இரும்புச் சட்டங்கள் இருக்கும். நடுவே குறுக்குச் சட்டங்கள். பார்த்தால் ஏணி போலத் தெரியும். என்ஜினும் சக்கரமும் இந்த ஏணியில் மாட்டப்படும். மேல்கூடு தனியாகச் செய்யப்பட்டு, ஏணியின் மேல் வைத்து போல்ட் போடப்படும். 2002-ல் வந்த ஸ்கார்ப்பியோவும் இந்த முறைதான்.

சேற்றுக்கும் மலைப் பாதைக்கும் இது நல்லது. ஆனால் எடை அதிகம், குலுக்கல் அதிகம்.

பெரம்பூர் சொன்ன பாடம்

2011-ல் வந்த எக்ஸ்.யூ.வி. 500 வண்டியில் மகிந்திரா அந்த ஏணியைக் கைவிட்டது. தரை, தூண்கள், பக்கச் சுவர், கூரை எல்லாவற்றையும் சேர்த்துப் பற்றவைத்து ஒரே கூடாக ஆக்கினார்கள். கூடே எலும்பு, எலும்பே கூடு!

ரெயிலில் ஊர் போய் வருகிறவர்களுக்கு இது புதிது அல்ல. ஒரு காலத்தில் ரெயில் பெட்டி என்றால் இரும்பு அடித்தளத்தின் மேல் மரக்கூடு. மோதினால் ஒரு பெட்டி மற்றொன்றுக்குள் புகுந்துவிடும். 1955-ல் பெரம்பூரில் தொடங்கிய தொழிற்சாலை, சுவிட்சர்லாந்து நுட்பத்தில், அடித்தளமும் சுவரும் கூரையும் சேர்ந்து பாரம் தாங்கும் உருக்குப் பெட்டிகளைக் கட்டியது. அதன் பெயரில் உள்ள 'இன்டக்ரல்' என்ற சொல்லுக்கு அதுதான் பொருள்.

ஆனால் ஒரே கூடாகக் கட்டினால் கணக்கு தவறக்கூடாது. எந்தத் தூணில் எவ்வளவு கனத் தகடு, எங்கே பற்றவைப்பு என்று ஒவ்வொன்றையும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். மோதலில் முன்பகுதி நசுங்க வேண்டும். ஆட்கள் இருக்கும் அறை நசுங்கக் கூடாது. முன்பகுதி நசுங்கி அடியை வாங்கிக்கொண்டால்தான் உள்ளே இருப்பவர் பிழைப்பார்.

இதைச் சோதிக்க, மணிக்கு 64 கிலோ மீட்டர் வேகத்தில் வண்டியைத் தடுப்பில் மோதவிடுகிறார்கள். 2021 நவம்பரில் குளோபல் என்கேப் அமைப்பு நடத்திய இந்தச் சோதனையில், எக்ஸ்.யூ.வி. 700 வண்டி பெரியவர்களின் பாதுகாப்புக்கு 5 நட்சத்திரம் வாங்கியது.

உயரத்தின் ஆபத்து

உயரமான வண்டியில் எடையும் உயரத்தில் இருக்கும். வேகமாகத் திருப்பினால் சாயப் பார்க்கும். அதற்காக ஒரு மின்னணு ஏற்பாடு உண்டு. வண்டி வழி தவறுவதை உணர்ந்ததும், தேவையான சக்கரத்தில் மட்டும் தானாகவே பிரேக் பிடிக்கும். ஆனாலும் வேகத்துக்கு ஒரு எல்லை உண்டு என்பதை டிரைவர் அண்ணன்மார் மறக்கலாகாது.

2024 நவம்பர் 26-ந் தேதி சென்னையில் அறிமுகமான எக்ஸ்.இ.வி. 9இ மின்சார வண்டியில், கனமான பேட்டரி தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது. எடை கீழே இறங்கியதால் சாய்வு குறைகிறது.

களிமண்ணும் ஊசி நூலும்

வண்டியின் தோற்றம் முதலில் காகிதத்திலும் கம்ப்யூட்டரிலும் பிறக்கிறது. பிறகு மெழுகு கலந்த ஒருவகைக் களிமண்ணைச் சூடாக்கி, முழு அளவு மாதிரி செய்கிறார்கள். தாராவி கும்பார்வாடாவில் பானை வனைவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கை உணரும் வளைவைக் கண்ணால் மட்டும் அறிய முடியாது. எக்ஸ்.யூ.வி. 500-க்கு சிறுத்தையை முன்மாதிரியாகக் கொண்டார்கள். கதவுக் கைப்பிடி அதன் பாதம் போல இருக்கும்.

இருக்கைத் தையலிலும் பொறியியல் இருக்கிறது! பல வண்டிகளில் இருக்கையின் பக்கவாட்டில் காற்றுப்பை இருக்கும். மோதல் நேரத்தில் அது வெளியே வர, அந்த இடத்தில் மட்டும் தையல் பிரியும்படி தைத்திருப்பார்கள். அதன் மேல் சாதாரண உறையை இறுக்கிப் போட்டால், பை விரிவது தடைபடும். உறை தைக்கும் நம் தொழிலாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அது ஓர் உயிரின் விஷயம்.

வேலை எங்கே இருக்கிறது?

போரிவிலி ஸ்லோ வண்டி ஏறினால் காந்திவிலி. மகிந்திராவின் வடிவமைப்புக் கூடம் அங்கே இருக்கிறது. ஆனால் எக்ஸ்.யூ.வி. 700-ன் பொறியியல் வேலை நடந்தது நம் செங்கல்பட்டு அருகே, மகிந்திரா சிட்டியில் 2012-ல் திறந்த ஆராய்ச்சி மையத்தில். வாகன உருவாக்கப் பிரிவுக்கு அப்போது தலைமை வகித்தவர் ஆர். வேலுசாமி. கம்பெனியின் சோதனை ஓட்டப் பாதை செய்யாறு பக்கம். வண்டி தயாரானது புனே அருகே சாக்கனில்.

வேலை தேடி நாம் மும்பைக்கு வந்தோம். பொறியாளர்களைத் தேடி மும்பைக் கம்பெனி செங்கல்பட்டுக்குப் போயிருக்கிறது!

செம்பூரிலும் மாட்டுங்காவிலும் வண்டிப் பைத்தியம் பிடித்த பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். பத்தாவது முடித்ததும் "டிரைவிங் பழகு" என்று சொல்வது எளிது. ஓட்டுவது கவுரவமான தொழில்தான். ஆனால் முதலாளி வண்டியை விற்றால் வேலையும் போகும். வரைவது, அச்சு செய்வது, பற்றவைப்பைச் சோதிப்பது, களிமண் மாதிரி செதுக்குவது, இவையும் வண்டி வேலைதான். ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் இவற்றில் பலவற்றுக்கு வழி இருக்கிறது.

பிள்ளையின் ஆசையைத் திட்டி அடக்க வேண்டாம். அந்த வண்டிக்குள் எத்தனை தொழில் இருக்கிறது என்பதை முதலில் அவனுக்குக் காட்டுங்கள்.